மூன்றாம் மாடியில் ஒரு நாடு

1992ஆம் ஆண்டு பங்குனி மாதத்து மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை, பின்னேரம் நாலே முக்கால் மணிக்கு, பலெர்மோவின் அல்பெர்கேரியாப் பகுதியில், பல்லரோச் சந்தைக்குப் பின்னாலுள்ள ஒழுங்கையில், மூன்றாம் மாடி வீடொன்றில் ஒரு நாடு பிறந்தது. நீளம் இருபத்திரண்டு அடி, அகலம் பதினொரு அடி. குசினியும் குளியலறையும் சந்தையைப் பார்த்த ஒரு பல்கனியும் அதற்குள் அடக்கம். சனத்தொகை ஆறு. ஏழாக இருந்திருக்க வேண்டியது. அந்த ஒன்று எப்படிக் குறைந்தது என்பதுதான் இங்கே சொல்லவேண்டிய விசயம். அன்றைக்கு மழை இல்லை, சந்தையில் நல்ல சூடை மீன் வந்திருந்தது.

அந்த நாட்டைப் பெற்றவர்கள் ஒன்றும் பெரிய மனிதர்கள் அல்லர். கிழமையில் ஆறு நாளும் பிறத்தியார் வீடு துடைத்து, பிறத்தியார் தகப்பன்மாரைக் குளிப்பாட்டி, ஞாயிறு பின்னேரத்தில் மட்டும் சட்டை மாற்றிக்கொண்டு கூடியவர்கள். ஊரில் துவக்குகள் ஓய்கிற அன்றைக்கு ஒரு சட்டம் தயாராக இருக்கவேண்டும் என்பது அவர்களுடைய எண்ணம். துவக்கு வைத்திருந்த எந்தத் தரப்பும் இவர்களிடம் கேட்கவில்லை, கேட்காதபடியால்தான் எழுதினார்கள். தலைவர் சோதிலிங்கம் முன்பு யாழ்ப்பாணக் கச்சேரியில் எழுதுவினைஞராக இருந்தவர். தும்முவதென்றாலும் முன்மொழிய ஒருவர், வழிமொழிய ஒருவர் வேண்டும் என்கிற ரகம். செயலாளர் குகனேஸ்வரி, புருசன் வள்ளத்தில் போய்த் திரும்பாதவள். அவளுடைய ஒரே மகள் கேசிகாவுக்கு அப்போது எட்டரை வயது. கூட்ட நாட்களில் பிள்ளையைப் பக்கத்துக் கால்சாப் பகுதியில் மொனிகா வீட்டில் விட்டுவிட்டு வருவாள். ஐந்து மணிக்கு வந்து கூட்டிக்கொண்டு போவாள் என்பது பேச்சு. மொனிகாவின் புருசன் கிறிகோரி, மன்னார் ஆள், குழுவின் ஏழாவது உறுப்பினர்.

அன்றைக்கு நான்கு அத்தியாயங்கள் நிறைவேறின. ஊரில் சவர்க்காரத்துக்கும் பற்றரிக்கும் மண்ணெண்ணெய்க்கும் தடை விழுந்திருந்த காலம் அது. அந்த ஆத்திரத்தில் முதலாவதாகவே எழுதினார்கள்: எந்தப் பொருளையும் எல்லையில் மறிக்கக்கூடாது. இரண்டாவது, ஒருவர் மேல் ஒருவர் கைவைக்கக்கூடாது. மூன்றாவதில்தான் இவர்களின் குணம் தெரிந்தது. தான் இல்லாத நேரம் மற்றவர்கள் எதையாவது முடிவெடுத்துவிடுவார்களோ என்ற பயம் ஏழு பேருக்கும் இருந்தது. ஆகவே ஏழு இருக்கையும் நிறைந்து, ஏழு கையும் உயர்ந்தால்தான் எந்தத் தீர்மானமும் செல்லும் என்று எழுதினார்கள். நான்காவது குடியுரிமை. யார் யார் அந்த நாட்டு ஆட்கள் என்று ஒன்பது ஞாயிறு அடிபட்டு, கடைசியில் களைத்துப்போய், சட்டம் தொடங்கும் கணத்தில் எல்லைக்குள் நிற்பவர்களும் அவர்களுடைய பிள்ளைகளும் என்று முடித்தார்கள். பதினாறு வயது நிறைந்த பிள்ளைக்குச் சபையில் இருக்கை உண்டு. பதினாறு வயதுப் பிள்ளைகளின் தோளில் துவக்கு ஏறுகிற காலத்தில் கையில் வாக்கு ஏறினால் என்ன என்று கேட்டவர் சோதிலிங்கம். நல்ல கேள்விதான், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

கிறிகோரி எழும்பி, வெளியே போகவும் திரும்பி வரவும் எல்லோருக்கும் உரிமை உண்டு என்று ஒரு வரி சேர்க்கவேண்டும் என்றார். அது அடுத்த கூட்டத்துக்கு என்றார் தலைவர். "போறவன் வாறவனைப் பற்றி முதல் கதையுங்கோ. நாங்கள் எல்லாரும் போன ஆக்கள்தானே!" என்று கிறிகோரி சத்தம் போட்டார். தலைவர் தேத்தண்ணிக் கோப்பையைக் கையில் எடுத்தார். உடனே கிறிகோரி வெளிநடப்புச் செய்தார். வெளிநடப்புக்கு நம்மவரிடம் ஒரு ஒழுங்கு உண்டு. போனவர் தூரம் போகமாட்டார். படிக்கட்டுத் தலைப்பில் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்பார். உள்ளேயிருந்து ஒருவர் போய்த் தோளைத் தொட்டு, "வாரும் ஐசே, என்ன குழந்தைப்பிள்ளை மாதிரி" என்று சொல்லவேண்டும். இரண்டுதரம் மறுத்து மூன்றாம்தரம் வருவார். கிறிகோரி அதற்காகத்தான் நின்றார். தலைவரோ தேத்தண்ணியை முடித்துவிட்டுப் போவோம் என்று இருந்தார். அந்த இடைவெளியில் குகனேஸ்வரி மணிக்கூட்டைப் பார்த்தாள். நாலே முக்கால்! கால்சாவுக்கு நடக்கக் கால்மணி வேண்டும். அவசரத்தில் பேனையை எடுத்து, சட்டம் எழுதிய கூட்ட அறிக்கையின் அடியில் ஒப்பமிட்டாள். செயலாளர் ஒப்பமிடும் கணத்தில் சட்டம் தொடங்கும் என்று அதிலேயே எழுதியிருந்தது. அவள்தான் எழுதினவள்.

தலைவர் கோப்பையை வைத்துவிட்டுச் சமாதானம் பேசப் போனார். வாசலில் அவருடைய மூக்கு எதிலோ இடித்தது. கதவு ஆவென்று திறந்து கிடந்தது; இடித்த இடத்தில் ஒன்றுமில்லை. உறுப்பினர் தவராசா தோளால் தள்ளிப் பார்த்தார், இளந்தாரி ஸ்ரான்லி ஓடிவந்து பாய்ந்து பார்த்தான். வெளியே நின்ற கிறிகோரி கையை நீட்டினார், அதுவும் வாசலோடு நின்றது. குகனேஸ்வரி கைப்பையைத் தோளில் போட்டுக்கொண்டு, "தள்ளுங்கோ, பிள்ளை பாத்துக்கொண்டு நிக்கும்" என்று எல்லோரையும் விலக்கிக்கொண்டு வந்தாள். அவள் பாதி நெற்றி வீங்கும்வரை முட்டினாள். ஆள் போக வர உரிமை என்று சட்டத்தில் வரியில்லை; அதைச் சேர்க்க உள்ளே ஆறு பேர், வேண்டியது ஏழு. ஏழாவது ஆளை உள்ளே எடுக்கத் தீர்மானம் வேண்டும், தீர்மானத்துக்கு ஏழாவது ஆள் வேண்டும். தீயணைப்புக்காரர் ஏணி வைத்துப் பல்கனிவரை ஏறி, காற்றில் கையை ஊன்றிப் பார்த்து, தலையை ஆட்டிவிட்டு இறங்கினார்கள். பங்குத்தந்தை வந்து தீர்த்தம் தெளித்தார். தீர்த்தம் மட்டும் உள்ளே போனது, அது பொருள் என்பதால். ஸ்ரான்லி ஒருநாள் அறிக்கையைச் சுக்குநூறாகக் கிழித்தான். சட்டம் தாளில் இல்லை என்று அப்போதுதான் எல்லோருக்கும் தெரிந்தது.

பொருளுக்குத் தடையில்லாதபடியால் ஒருவரும் பட்டினி கிடக்கவில்லை. பக்கத்து வீட்டுச் சிசிலிப் பெண்கள் செய்வதுபோல் பல்கனியிலிருந்து கயிற்றில் கூடையை இறக்குவார்கள். சந்தைக்காரர் நிரப்பிவிட, இவர்கள் மேலே இழுப்பார்கள். குகனேஸ்வரி வேலைசெய்த வீட்டு சிஞ்ஞோரா ஒவ்வொரு நத்தார்ப் பண்டிகைக்கும் அந்தக் கூடையில் ஒரு கேக் வைத்தாள். தாயக நேரமே நாட்டின் நேரம் என்று ஓர் உபபிரிவும் இருந்தது. அதன்படி சந்தை இருளில் கிடக்கும்போதே அந்த வீட்டின் மூன்று யன்னலிலும் வெயில் ஏறிவிடும். மீன்காரர் அந்த வெளிச்சத்தில் பெட்டி பிரித்தார்கள். கொஞ்சக் காலத்தில் ஒருவரும் அண்ணாந்து பார்ப்பதுமில்லை. கிறிகோரி நாளாந்தம் வந்து, "நான் அண்டைக்கே சொன்னனான்" என்று ஒருதரம் சொல்லிவிட்டு, குப்பைப் பையை வாங்கிக்கொண்டு போவார். ஒருநாள் தவறியதில்லை, இரண்டும்.

ஆறு பேரில் பிள்ளை பெற்றவள் குகனேஸ்வரி ஒருத்தி. முதல் கிழமையே தவராசா விரல்விட்டு எண்ணி, இருக்கை கிடைத்தால்தான் கேசிகா உள்ளே வரலாம், பதினாறாக ஏழரை வருசம் கிடக்கிறது என்றார். சனி பகவானும் அதே கணக்குத்தான் வைத்திருக்கிறார். குகனேஸ்வரி அன்றைக்குக் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். பிறகு முகம் கழுவி, வாசலில் ஒரு கதிரையைப் போட்டாள். மொனிகா வீட்டிலேயே வளர்ந்த பிள்ளை பள்ளிக்கூடம் விட்டு வந்து வெளிப்படியில் இருக்கும். தாய் உள்ளே இருப்பாள். இரண்டு முழந்தாளுக்கும் இடையில் ஒரு சாண். ஆனா ஆவன்னாவும் பெருக்கல் வாய்ப்பாடும் அந்தச் சாணைத் தாண்டிப் போயின. சீப்பும் போனது, றிபனும் போனது. தலைவாருகிற கை போகவில்லை. பிள்ளை காய்ச்சலோடு வந்து படியில் சுருண்டு கிடந்த அன்று தாய் பனடோல் நீட்டினாள், ஈரத்துணி நீட்டினாள். நெற்றியைத் தொட்டுப் பார்க்க முடியாமல் தன் கையைத் தானே கடித்தாள். காயம் ஆற ஒரு மாதம் எடுத்தது.

1996இல் கேசிகா பெரியபிள்ளையானாள். மொனிகா வேதக்காரி, சேர்ச்சுக்குப் போகிறவள், அவளுக்கு இந்த முறை ஒன்றும் தெரியாது. குகனேஸ்வரி குடத்தில் தண்ணீர் நிறைத்து, பாலும் அறுகும் இட்டு வாசலில் வைத்துத் தள்ளினாள். "முதல் வலப்பக்கம் ஊத்துங்கோ. மெல்ல, மெல்ல. கண்ணுக்கை போகாமல்!" என்று உள்ளேயிருந்து கத்திக் கத்திச் சொல்ல, மொனிகா படிக்கட்டுத் தலைப்பில் நின்று வார்த்தாள். தண்ணீர் மூன்று மாடியும் வழிந்து இறங்கியது. கீழ்வீட்டார் கோபிக்கவில்லை, விசயம் கேள்விப்பட்டு ஒரு தட்டு இனிப்பு அனுப்பினார்கள்.

இதற்கிடையில் சோதிலிங்கத்துக்கு ஒரு வியாதி பிடித்தது. அவருக்கு நாடு பிடித்துப்போய்விட்டது. கச்சேரியில் முப்பது வருசம் பிறர் சட்டத்தை நகலெடுத்தவர். இங்கே அவர் சொன்னதே காற்றில் சுவராக நிற்கிறது. விடியலில் யன்னல் வெயிலில் நின்று, "குண்டு விழாத ஒரே இடம் இது" என்பார். அது உண்மையும்தான். 1999 ஆடியில் ஒரு சாப்பாட்டு நேரம் அவர் கையலம்பிவிட்டு வந்து வெளிப்படையாகவே சொன்னார்: "பிள்ளை வந்து ஏழு பேர்க் கோரம் நிறைஞ்சாலும் நான் கை தூக்கமாட்டன். கதவைத் திறந்தால் ஆறு பேரும் ஓடியிடுவியள். வெறும் அறைக்கு நாடு எண்டு பேர் வைக்கேலுமோ?"

குகனேஸ்வரி சோற்றைத் தள்ளி வைத்தாள். ஏழரை வருசமாக எண்ணியிருந்த நாள், இப்போது வராமலிருந்தால் போதும் என்றாகிவிட்டது. அன்று பின்னேரம் மகளிடம், "நீ வராதை. உள்ளுக்கை வந்தியெண்டால் நீயும் முடிஞ்சாய். அந்தாள் விடாது. நீ படிச்சு, வேலை பாத்து, வெளியிலையே இரு. நான் இப்பிடியே இருந்திட்டுப் போறன்" என்றாள். கேசிகா தாயை விட ஒரு பிடி உயரம் வளர்ந்திருந்தாள். "மம்மா, பாஸ்தா!" என்றாள் சிசிலி வாயால், போதும் நிப்பாட்டு என்று அர்த்தம். பிறகு படியிறங்கிப் போனாள்.

புரட்டாதியில் பிறந்தநாள் வந்தது, ஞாயிற்றுக்கிழமையாகவே. பின்னேரம் கிறிகோரியோடு வந்த கேசிகா படிக்கட்டுத் தலைப்பில் செருப்பைக் கழற்றினாள். குகனேஸ்வரி கதிரையை இழுத்து வாசலுக்குக் குறுக்கே போட்டு, அதில் இருந்துகொண்டு இரண்டு கையையும் விரித்து மறித்தாள். கேசிகா சாய்ந்து, தாயின் கைக்குக் கீழால் நுழைந்து உள்ளே வந்துவிட்டாள். காற்று அவளை மறிக்கவில்லை. குகனேஸ்வரி துள்ளியெழும்பி அறைய ஓங்கினாள். கன்னத்துக்கு நாலு விரல் தள்ளிக் கை நின்றுவிட்டது, இரண்டாம் அத்தியாயத்தின்படி. ஓங்கின கையை என்ன செய்வது என்று தெரியாமல் அவள் பிள்ளையின் தலைமயிருக்குள் விட்டாள். பிறகு அவள் அழுத சத்தம் சந்தைவரை கேட்டது.

ஏழாவது கதிரையின் தூசியைத் தவராசா தட்டினார். கூட்டம் கூடியது. கேசிகா எழும்பி, வெளியே போகவும் திரும்பி வரவும் எல்லோருக்கும் உரிமை என்று முன்மொழிந்தாள். பாதி இத்தாலியனில் சொன்னாள் என்று தலைவர் ஆட்சேபித்தார். முழுத் தமிழில் திரும்பச் சொன்னாள். ஸ்ரான்லி வழிமொழிந்தான். ஆறு கை உயர்ந்தது. சோதிலிங்கம் கையை மடியில் வைத்துக்கொண்டு தேத்தண்ணிக் கோப்பையை எடுத்தார். கேசிகா அவரை ஒருதரம் பார்த்தாள். கதிரையைப் பின்னால் தள்ளி எழும்பினாள். மூன்றடி நடந்து வாசலுக்குப் போய், வெளியே போக முடியாதபடியால் அங்கேயே, எல்லோருக்கும் முதுகைக் காட்டி, முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றாள். வாசலுக்கு அந்தப்பக்கம் கிறிகோரி நின்றார். இருவரும் ஒரே மாதிரி நின்றார்கள்.

சோதிலிங்கத்தின் கோப்பை வாய்க்குக் கிட்டப் போய் நின்றது. ஏழரை வருசமாக அவர் அன்றைக்குக் குடித்த அந்த ஒரு கோப்பைத் தேத்தண்ணியைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தார் என்று பிறகு தவராசாவிடம் சொன்னாராம். குடிக்காமல் வைத்துவிட்டு எழும்பினார். நேரே போய்ப் பிள்ளையின் தோளைத் தொட்டார். "வாரும் பிள்ளை, என்ன இது." கேசிகா அசையவில்லை. "வாரும் எண்டுறன்." அசையவில்லை. மூன்றாம்தரம் அவர் வேறு மாதிரிக் கேட்டார். "என்ன வேணும், சொல்லும்."

"கிறிகோரி மாமான்ரை வரி."

"எழுது குகனேசு" என்றார் சோதிலிங்கம், கையை உயர்த்தியபடி. "திரும்பி வரவும் எண்டதை வடிவா எழுது." குகனேஸ்வரி எழுதி ஒப்பமிட்டாள். இந்தமுறை மணிக்கூட்டைப் பார்க்கவில்லை. தலைவர் காலை எடுத்து வைத்தார், கால் வாசலைத் தாண்டியது. படிக்கட்டுத் தலைப்பில் நின்ற கிறிகோரியின் தோளைத் தொட்டு, "வாரும் ஐசே" என்றார். கிறிகோரி இரண்டுதரம் மறுத்தார்.

அந்த நாடு இன்னும் அங்கேதான் இருக்கிறது. ஞாயிறுகளில் ஏழு பேரும் போய்க் கூடுகிறார்கள், கிறிகோரியோடு எட்டு. ஐந்தாம் அத்தியாயம் முடியவில்லை. யன்னலில் வெயில் முந்தித்தான் ஏறுகிறது, மீன்காரருக்கு அது வசதி.

வாசல் திறந்த அன்றைக்குக் குகனேஸ்வரி பழைய கைப்பையைத் தோளில் போட்டுக்கொண்டு, படிகளை மறந்த முழங்காலோடு, மகளைப் பிடித்துப் பிடித்து இறங்கினாள். சந்தை வழியே நடந்து கால்சாவுக்குப் போய் மொனிகா வீட்டுக் கதவைத் தட்டினாள். மொனிகா திறந்தாள்.

"பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போக வந்தனான்" என்றாள் குகனேஸ்வரி.

மொனிகா சுவர் மணிக்கூட்டைத் திரும்பிப் பார்த்தாள். "கொஞ்சம் பிந்திப்போச்சு என்ன" என்றாள். "பரவாயில்லை, உள்ளுக்கை வாங்கோ. தேத்தண்ணி குடிச்சிட்டுப் போகலாம்."