பெரிய பல்பு

"அக்கா, தூங்கிட்டியா?"

பக்கத்தில் பொற்கொடி அக்கா புரண்டாள். "இல்லடி. என்ன?"

"விடிஞ்சா அப்பா காரை எடுத்துகினு காடாம்புலியூர் போவப்போறாரு. வழியில எரிஞ்சிடும்னு பயமா இருக்கு."

அவள் எழுந்து உட்கார்ந்தாள்.

மார்கழிப் பனிக்காக, புதுக் காரின் முன்னால் அப்பா இரண்டு மஞ்சள் விளக்குகள் மாட்டியிருந்தார். பாட்டரியிலிருந்து தனி வயர், ரிலே, ஃபியூஸ், எல்லாம் அளவாக. எனக்குத்தான் அந்த வெளிச்சம் போதவில்லை. சின்ன வயதில் எங்கள் ஸ்கூட்டரிலும் அவர் இப்படி ஒரு விளக்கு மாட்டினார். முன்னால் நின்றுகொண்டு போவேன். பனிக்குள் எங்கள் குவார்ட்டர்ஸ் பிளாக் முழுவதும் மஞ்சளாகத் தெரியும். அது திரும்ப வேண்டும் என்று, இன்று அவர் ஷிப்ட் போனதும் பெரிய பல்புகள் வாங்கி மாற்றினேன்.

எரியவிட்டுப் பார்த்த சற்று நேரத்தில் ஃபியூஸ் போனது. வீட்டு ஃபியூஸ் போனால் குவார்ட்டர்ஸில் எல்லோரும் செய்வதையே செய்தேன். ஒரு துண்டு வயரை உரித்து, செம்புக் கம்பியை ஃபியூஸ் இருந்த இடத்தில் முறுக்கிக் கட்டினேன். விளக்கு எரிந்தது. பிளாஸ்டிக் கருகும் வாடையும் வந்தது. அணைத்துவிட்டு, பானெட்டை மூடிவிட்டேன்.

"எழுப்புடி அவர," என்றாள் அக்கா, நான் சொல்லி முடித்ததும்.

எழுப்பிச் சொன்னபோது அப்பா திட்டவில்லை. "வூட்டுக்குக் கட்டுறத கார்லயும் கட்டிட்டியா, லைன்மேனு?" என்று சிரித்துக்கொண்டே டார்ச்சை என் கையில் கொடுத்தார். பானெட்டைத் திறந்ததும், "மூஞ்சில அடிக்காத. ஸ்கூட்டர்லயும் இப்படித்தான் புடிப்ப" என்றார்.

அந்தக் குரல் கேட்டதும் பாதிப் பயம் போய்விட்டது.

வயரை நிமிண்டினார். கருகிய உறை பொடிந்து விரலோடு வந்தது. சிரிப்பு நின்றது.

"இந்த ஒயரு சின்ன பல்புக்குத்தான் தாங்கும். அதிகமா இழுத்தா ஃபியூஸ் செத்துப் போயி ஒயர காப்பாத்தும். நீ அத சாகவே வுடல."

விளக்குக்குப் போகும் லைனைப் பாட்டரியிலிருந்து கழற்றி, முனையில் டேப் சுற்றினார்.

"பனில மஞ்ச லைட்டு இல்லாம காலைல எப்படிப் போவீங்க?"

"பஸ்சு எதுக்கு இருக்கு?"

உள்ளே வந்தவர் வீட்டு ஃபியூஸ் போர்டின் கீழே நின்றார்.

"இதுல யாரு கம்பி கட்டுனது?"

"நீங்கதான்ப்பா," என்றாள் அக்கா.

அப்பா மெயினை அணைத்தார். ஃபேன் நின்றது.

"யாரு அது கரண்ட்ட புடுங்குனது? கொசு பிச்சித் திங்குது!" உள்ளிருந்து அம்மா கத்தினாள்.

"லைன்மேன் வூட்ல வேல நடக்குது, படு!" என்றார் அப்பா. பிறகு என்னிடம், "இந்தக் கம்பியயும் கழட்டணும். டார்ச்ச புடி."

இந்த முறை அவர் முகத்தில் அடிக்காமல், கையைப் பார்த்துப் பிடித்தேன்.