ஆரஞ்சு ஜாக்கெட் போட்ட இன்னொருத்தி

1

இந்தக் கதை என் சொந்தச் சரக்கு அல்ல. மூக்குக் கண்ணாடியின் காம்பு கழன்றுவிட்டது என்று ஒரு கடைக்குப் போனேன். கடை நடத்துகிறவளுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். காம்பைப் பொருத்திக்கொண்டே, கேட்காமலே, போன விடுமுறையில் கடற்கரையில் நடந்ததைச் சொன்னாள். இங்கே அவளைக் கண்ணாடிக்காரி என்றே எழுதப்போகிறேன். நேரில் அப்படிக் கூப்பிட எனக்குத் தைரியம் கிடையாது.

அவள் சொன்னதை நான் முழுசாக நம்பவில்லை என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். அவளும் என்னை முழுசாக நம்பிச் சொல்லவில்லை. கணக்கு சரியாகிவிட்டது.

2

முதல் தொடக்கம்: "அன்று கடல் நீலமாக—"

அடித்துவிட்டேன். கடலுக்கு வேறு வேலை இல்லையா?

இரண்டாவது தொடக்கம்: "குழந்தைகளைக் கடலுக்குள் மீன் பார்க்கக் கூட்டிப்போகிறவர்கள் கவனிக்க வேண்டியவை பல. அவற்றுள் முதலாவது—"

இது மருத்துவமனைச் சுவரில் ஒட்டுகிற காகிதம். இதுவும் போகட்டும்.

மூன்றாவது, கண்ணாடிக்காரி வாயிலிருந்தே வந்தது: "அந்த ஆளைப் பார்த்ததுமே எனக்குப் பிடிக்கல." இதை வைத்துக்கொள்கிறேன்.

3

அந்த ஆள் கைடு. கரையோரம் ஒரு தகரக் கொட்டகை, அதன் முன்னால் தொங்கும் ஆரஞ்சு நிற லைஃப் ஜாக்கெட்டுகள், ஒரு பெட்டி நிறைய மாஸ்க், இவ்வளவுதான் அவன் உலகம். (இரண்டாம் வரைவில் அவனுக்குச் சிவந்த கண்ணும் ஒரு வெட்டுத் தழும்பும் கொடுத்திருந்தேன். பிறகு எடுத்துவிட்டேன். அவனுக்கு இருந்ததெல்லாம் வெயிலில் உரிந்த மூக்கு மட்டும்தான்.)

கண்ணாடிக்காரி தன் ஆறு வயது மகளோடும் கணவரோடும் வந்திருந்தாள். மகளை வீட்டில் எல்லாரும் மிளகு என்பார்கள். கறுத்து, உருண்டு, சுறுசுறுப்பாக இருப்பாள். கணவர் ஃப்ரிட்ஜ் பழுதுபார்ப்பவர். எந்தச் சண்டையிலும் இரண்டு பக்கமும் நியாயம் இருப்பதாகச் சொல்லி, இரண்டு பக்கமும் வாங்கிக் கட்டிக்கொள்ளும் பிறவி.

கண்ணாடிக்காரி புது மாஸ்க் ஒன்று வாங்கி வந்திருந்தாள். நெற்றியிலிருந்து தாடைவரை முகம் முழுவதையும் மூடுகிற வகை. கைடு அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுப் பெஞ்சின் மேல் வைத்தான்.

"இது வேணாம் மேடம். உள்ள தண்ணி போனா குழந்தையால தானா கழட்ட முடியாது. விட்ட மூச்சே உள்ள சுத்திக்கிட்டு இருக்கும்."

"கடையில குழந்தைங்களுக்குன்னுதான் குடுத்தாங்க."

"கடைக்காரங்க தண்ணிக்குள்ள வர மாட்டாங்களே."

அவளும் கடைக்காரிதான். சுருக்கென்றது.

அவன் பெட்டியிலிருந்து ஒரு சின்ன மாஸ்க்கை எடுத்து, மிளகின் நெற்றி முடியை ஒதுக்கிவிட்டு, பட்டையை மாட்டாமலே முகத்தில் வைத்தான். "மூக்கால லேசா இழு கண்ணு." மிளகு இழுத்தாள். கையை எடுத்தான். மாஸ்க் விழுந்தது. அடுத்தது. அதுவும் விழுந்தது. மூன்றாவது, பட்டை இல்லாமலே அட்டை மாதிரி ஒட்டிக்கொண்டு நின்றது. நாள் முழுக்க மூக்குத் தண்டுகளை அளந்து பிழைக்கிறவளுக்கு அவன் செய்வது சரி என்று தெரிந்தது. அதனாலேயே இன்னும் எரிச்சல் வந்தது.

கண்ணாடியின் உட்பக்கம் பனி படராதிருக்க ஒரு துளி குழந்தை ஷாம்பூ தடவி அலசினான். மூச்சு விடுகிற ட்யூபின் முனையில் கடிக்கிற ரப்பரைச் சின்னதாக மாற்றினான்.* தண்ணீர் நிரம்பிய ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் முகத்தை மட்டும் வைத்து மூச்சு விடப் பழக்கினான். மிளகு இரண்டு முறை இருமினாள். மூன்றாம் முறை முப்பது எண்ணும்வரை முகத்தை எடுக்கவில்லை.

* அந்தக் கருவியை ‘மூச்சுக்குழாய்’ என்று எழுதிப் பார்த்தேன். யாருடைய தொண்டையையோ அறுத்துப் பார்க்கிற பாடம் போல இருந்தது. அங்கே எல்லாரும் ட்யூப் என்றுதான் சொன்னார்களாம். ட்யூப் என்றே இருக்கட்டும்.

4

இதுவரை சந்தேகப்பட ஒன்றுமில்லை. இனிமேல்தான்.

அன்று வந்த ஐந்து குழந்தைகளையும் மணலில் வரிசையாக நிறுத்திவிட்டு, கைடு நாற்பதடி தள்ளிப் போய் நின்றான். தலையில் கை வைத்தால் ‘நல்லா இருக்கேன்’. கையைத் தூக்கி ஆட்டினால் ‘வாங்க’. அவன் செய்வதைப் பார்த்துக் குழந்தைகள் செய்ய வேண்டும். செய்தார்கள். அவன் முகம் மாறியது. மறுபடி செய்யச் சொன்னான். மறுபடியும். கண்கள் மிளகின் மேலேயே இருந்தன.

கண்ணாடிக்காரி கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அஞ்சு பிள்ளைங்க நிக்குது, இவன் ஏன் என் பொண்ணையே பாக்கிறான்?

பிறகு அவன் வந்து மிளகின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். என்னவோ மெல்லக் கேட்டான். மிளகு அவன் காதருகே போய் என்னவோ சொன்னாள். அவன் கொஞ்சம் யோசித்து, தலையாட்டினான். மிளகு சிரித்தாள்.

கண்ணாடிக்காரி மகளைத் தனியே இழுத்தாள்.

"அங்கிள் என்ன சொன்னாரு?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாததுக்கு ஏன் சிரிச்ச?"

"அது சொல்லக் கூடாது. சீக்ரெட்."

இரண்டு மணி நேரத்துக்கு முன் முகம் தெரியாத ஓர் ஆணுக்கும் அவள் பெற்ற பெண்ணுக்கும் நடுவில் ஒரு ரகசியம். (இந்த இடத்தில் நான் அவள் கட்சி. நீங்களும் அப்படித்தான் இருப்பீர்கள்.)

அதற்குள் கைடு ஒரு நீளமான நைலான் கயிற்றை எடுத்து வந்தான். மற்ற நான்கு குழந்தைகளுக்கும் இல்லாத கயிறு.

"பாப்பாவை மட்டும் நான் கயிறு கட்டி என் பக்கத்துலயே வச்சுக்கிறேன் மேடம். பாறை இருக்கிற பக்கம் கூட்டிட்டுப் போகல."

"ஏன்? என் பொண்ணு மட்டும் என்ன பாவம் பண்ணா?"

அவன் மிளகைப் பார்த்தான். மிளகு அவனைப் பார்த்தாள். "அது… இருக்கட்டும் மேடம். அதுதான் நல்லது."

"எம்பொண்ணுகிட்ட என்ன ரகசியம் பேசுனீங்க?"

"தப்பா ஒண்ணும் இல்ல மேடம்."

"அதை நான் சொல்லணும். நீங்க சொல்லக் கூடாது."

கணவர் குறுக்கே வந்தார். "அவர் ஏதோ பாதுகாப்புக்குச் சொல்றாரும்மா… நீ சொல்றதும் சரிதான்…"

"நீங்க துண்டைப் பிடிச்சுக்கிட்டு நில்லுங்க, போதும்."

அவள் மகளின் கையைப் பிடித்து விடுவிடுவென்று கரையின் மறுகோடிக்கு நடந்தாள். மிளகு போட்டிருந்தது கைடு பொருத்திய மாஸ்க். அதைக் கழற்றிக் கொடுக்கத் தோன்றவில்லை. அது மட்டும் நல்ல வேளை.

5

நல்லவிதமாகவே ஆரம்பித்தது. அதையும் சொல்ல வேண்டும்.

தண்ணீர் கண்ணாடிக்காரியின் மார்பளவு. அவளும் கொட்டகையில் வாங்கிய மாஸ்க்கும் ஆரஞ்சு ஜாக்கெட்டும் போட்டிருந்தாள். மிளகு முழுக்கை நீச்சலுடையும் ஜாக்கெட்டுமாகக் குப்புற மிதந்தாள். ஒரு கை அம்மாவின் கைக்குள். ட்யூப் வழியாக ‘ஊம், ஊம்’ என்று மூச்சு. திடீரென்று தலையைத் தூக்கி ரப்பரைத் துப்பினாள்.

"அம்மா! தண்ணிக்குள்ள எல்லாம் தெரியுது!"

"என்ன தெரியுது?"

"எல்லாமே! மணல்ல கோடு கோடா இருக்கு! ஒரு மீனுக்கு வாயில மீசை இருக்கு!"

கண்ணாடிக்காரி சந்தோஷமாகத் தலையாட்டினாள். அந்த வாக்கியத்தில் இருந்த ‘தண்ணிக்குள்ள’ என்ற சொல் அவள் காதில் விழவே இல்லை. கண்ணாடி வேலை செய்கிறவள். தண்ணீர் எதையும் கால் பங்கு கிட்டே கொண்டுவரும் என்பது அவள் தொழிலின் அரிச்சுவடி. (விழவில்லை என்று அவள் சொல்கிறாள். நான் எழுதிக்கொண்டேன்.)

அவளுடைய மாஸ்க்கில் பனி படர்ந்தது. நின்றாள். மகள் கையை விட்டாள். கழற்றி, எச்சில் தொட்டுத் துடைத்து, அலசி, மாட்டினாள். இருபது நொடி இருக்கும்.

குனிந்தால் மிளகு இல்லை.

சுற்றிலும் ஏழெட்டுப் பெண்கள், எல்லாரும் அதே ஆரஞ்சு ஜாக்கெட். கூப்பிட்டாள். காது தண்ணீருக்குள் இருக்கும் பிள்ளைக்கு எந்தக் குரல் கேட்கும்? கரையில் விசில் சத்தம். கணவர் துண்டைப் போட்டுவிட்டுக் கத்தினார்: "அந்தப் பக்கம்! அந்தப் பக்கம்!"

முப்பதடி தள்ளி, பாறைகள் தொடங்கித் தரை சரிகிற இடத்தில், ஒரு பெண் குப்புற மிதந்து போய்க்கொண்டிருந்தாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு, நிம்மதியாகக் காலை உதைத்தபடி, மிளகு.

கண்ணாடிக்காரி நடந்தாளா நீந்தினாளா என்று அவளுக்கே நினைவில்லை. கைடு அவளுக்கு முன்னால் போய்ச் சேர்ந்து, பிள்ளையின் வயிற்றுக்கடியில் கை கொடுத்துத் தூக்கியிருந்தான். அந்தப் பெண் மாஸ்க்கை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பதறினாள். "யார் பிள்ளைன்னே தெரியலைங்க! கையை வந்து பிடிச்சுக்கிச்சு! எங்க அக்கா பொண்ணுன்னு நினைச்சேன்!"

அதுவரை மிளகுக்குப் பயமே இல்லை. நிமிர்ந்து, அந்த முகத்தைக் கிட்டத்தில் பார்த்தபிறகுதான் வீரிட்டாள்.

6

மணலில் துண்டு சுற்றி உட்கார வைத்தார்கள். மிளகின் உதடு நீலம் பாய்ந்திருந்தது.

"நான் உன்னைத்தானே பிடிச்சேன்?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். "நீதானேம்மா அது?"

கைடு கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டே சொன்னான். "பாப்பாவுக்குத் தூரத்துல இருக்கிறது தெரியல மேடம். நான் கை காட்டினா, பக்கத்துப் பையனைப் பாத்துட்டுத்தான் செய்யுது. கேட்டேன். ‘எங்கம்மாகிட்ட சொல்லாதீங்க அங்கிள், எனக்குக் கழுகுக் கண்ணுன்னு எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிருக்காங்க’ன்னுச்சு. சரின்னு சொல்லிட்டேன். சொன்னது தப்புதான். நீங்க கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போனப்பவே ஓடிவந்து சொல்லியிருக்கணும்."

கண்ணாடிக்காரி எழுந்து, பின்னோக்கி நடந்து, பத்தடியில் நின்றாள். கையை உயர்த்தினாள்.

"எத்தனை விரல்?"

மிளகு அப்பாவைப் பார்த்தாள். கைடைப் பார்த்தாள். யாரும் உதவவில்லை.

"மூணு."

"சரியாப் பாரு."

"…அஞ்சு?"

ஒரே ஒரு விரல் நின்றுகொண்டிருந்தது.

7

இங்கே கதையை நிறுத்தி என் பாத்திரத்தைக் கொஞ்சம் குறுக்கு விசாரணை செய்தேன். கண்ணாடிக் கடைக்காரிக்கு மகள் கண் தெரியாமல் போகுமா? நம்புகிற மாதிரி இல்லையே?

அவள் தயாராக வைத்திருந்தாள். மூன்று முறை சோதித்தாளாம். மிளகு பள்ளி விட்டதும் கடையில்தான் இருப்பாள். வருகிறவர்கள் எல்லாரும் கண் சோதிக்கிற எழுத்துப் பலகையை வாசிப்பதைக் கேட்டுக் கேட்டுக் கடைசி வரிவரை மனப்பாடம். சரி, ஒத்துக்கொள்ளலாம். ஊரார் பிள்ளைக்குப் பலகையை மாற்றியிருப்பாள். சொந்தப் பிள்ளைக்கு மாற்றத் தோன்றவில்லை.

"வீட்டுல ஒண்ணும் தெரியலையா?" என்று கேட்டேன்.

"டிவிக்குக் கிட்ட உக்காருவா. எந்தப் பிள்ளைதான் உக்காரல?"

நான் அதோடு விட்டுவிட்டேன். அவள்தான் விடவில்லை. "சோஃபாவை முன்னாடி இழுத்துப் போட்டது நான்தான். ஜன்னல் வெளிச்சம் அடிக்குதேன்னு போட்டேன்."

கேட்காத கேள்விக்கு வந்த பதில் அது. அதை அடிக்கவும் மனமில்லை, எங்கே வைப்பதென்றும் தெரியவில்லை. இங்கேயே கிடக்கட்டும்.

8

முடிவுக்கு இரண்டு வரைவுகள் இருந்தன.

அ) கண்ணாடிக்காரி கைடின் கையைப் பிடித்துக்கொண்டு அழுகிறாள்— வேண்டாம். அவள் அழுகிற ஜாதி இல்லை.

ஆ) அவன் மேல் புகார் எழுதிக் கொடுக்கிறாள்— இதற்கும் நியாயம் உண்டு. பிள்ளை கேட்டதென்று தாயிடம் மறைத்தான். ஆனால் நடக்கவில்லை.

நடந்தது இது. மாலை அவள் கொட்டகைக்குப் போனாள்.

"நாளைக்குக் காலையில எத்தனை மணிக்கு?"

"அலை இல்லாத நேரமா ஏழரைக்கு வாங்க. பத்து நிமிஷம்தான். உதடு நீலமானா உடனே வெளியே. கயிறு உண்டு மேடம்."

"கட்டுங்க. இன்னொண்ணு. எம்பொண்ணு எதை அம்மாகிட்ட சொல்ல வேண்டாம்னு சொல்றாளோ, அதை முதல்ல எங்கிட்டத்தான் சொல்லணும்."

"சரி மேடம்." மாஸ்க் பெட்டியைக் கிளறிப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "பவர் போட்ட மாஸ்க் இருக்கு. பெரியவங்க சைஸ்லதான்."

"அது என் வேலை. ஊருக்குப் போய் நானே பண்ணிக்கிறேன்."

மன்னிப்பு என்ற சொல் இருவர் வாயிலும் வரவில்லை.

9

மறுநாள் காலை ஏழரை. தண்ணீர் தட்டு மாதிரி அசையாமல் கிடந்தது. மிளகின் ஜாக்கெட்டில் கயிறு, மறுமுனை கைடின் மணிக்கட்டில். கண்ணாடிக்காரி ஒரு மஞ்சள் துணியைத் தலையில் முண்டாசாகக் கட்டியிருந்தாள். எங்கிருந்து பார்த்தாலும் அவள்தான் என்று தெரிய வேண்டுமாம். கரையில் கணவர், இரண்டு துண்டுகளோடு.

இடுப்பளவுத் தண்ணீரில் மிளகு மாஸ்க்கை மாட்டிக்கொண்டாள். முடியைத் தானே ஒதுக்கிக்கொண்டாள். ரப்பரை வாயருகே கொண்டுபோனவள் நிறுத்தினாள்.

"அம்மா, எனக்குத் தெரியலங்கிறது உனக்குத் தெரியாதா? இல்ல, தெரிஞ்சும் சும்மா இருந்தியா?"

கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருக்கவில்லை. ரப்பரைக் கடித்தாள், முகத்தைத் தண்ணீரில் வைத்தாள்.

இதற்கு என்ன சொன்னீர்கள் என்று நான் கேட்டேன். கண்ணாடிக்காரி என் கண்ணாடியைத் துணியால் துடைத்து, உறையில் போட்டு, நீட்டினாள். அவ்வளவுதான்.

‘தெரியாது கண்ணு’ என்று எழுதிப் பார்த்தேன். சோஃபா இடிக்கிறது. ‘தெரியும்’ என்று எழுதினால், கையை விட்ட அந்த இருபது நொடியை அவளால் எப்படித் தாங்க முடியும்? கட்டி அணைத்துக்கொண்டாள் என்று எழுதி நழுவிவிடலாம். ஆனால் கேட்டவளுக்கு ஆறு வயது. அணைப்பையும் பதிலையும் பிரித்தறியத் தெரிந்தவள்.

ட்யூபிலிருந்து ‘ஊம், ஊம்’ என்று மூச்சு வருகிறது. கைடு வேண்டுமென்றே வேறு பக்கம் பார்த்துக் கயிற்றைத் தளர்த்துகிறான். பத்து நிமிடம் என்று சொல்லியிருக்கிறான். அதில் பாதி போய்விட்டது. மிளகு தலையைத் தூக்கியதும் முதலில் மீனைப் பற்றிச் சொல்வாள். அடுத்து அதையே மறுபடி கேட்பாள்.

என்னால் முடியவில்லை. நீங்கள் சொல்லுங்கள். எதைச் சொன்னாலும் கிட்டே போய்ச் சொல்லுங்கள், உங்கள் முகம் அவளுக்குத் தெரிகிற தூரத்தில் நின்று.