திட்டாத சூப்பர்வைசர்

குன்னூரில் ஒரு ஹோட்டல் ஹாலில் நடந்த சூப்பர்வைசர் பயிற்சிக்குப் போய்வந்த பெனிஸ், திங்கட்கிழமை காலை தேயிலைக் காட்டில் நுழைந்ததும் கொழுந்து பறிக்கும் பெண்களைப் பார்த்து, "வணக்கமுங்க அக்கா" என்றான். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். மஞ்சூர் பக்கத்து அந்த எஸ்டேட்டில் எந்தச் சூப்பர்வைசரும் வணக்கம் சொன்னதில்லை. போன வாரம் வரை அவனும் "ஏய்" என்றுதான் கூப்பிட்டான்.

அவன் நடிக்கவில்லை. கத்துகிறவனிடம் யாரும் உண்மை பேச மாட்டார்கள் என்று பயிற்சியாளர் சசிதரன் சொன்னது அவனுக்குச் சுருக்கென்று பட்டிருந்தது.

"உடம்புக்கு முடியலைன்னா மறைக்காதீங்க. திட்ட மாட்டேன்" என்று பெண்களிடம் சொன்னான்.

புதன்கிழமை தெய்வம்மா வந்து சொன்னாள். "தலை சுத்துதுங்க சார். கண்ணு இருட்டிக்கிட்டு வருது."

வீட்டுக்குப் போகச் சொன்னான். மறுநாளும் அவள் வரவில்லை. இன்னும் இரண்டு பேர் முடியவில்லை என்றார்கள். அவர்களையும் அனுப்பினான். யாரும் பொய் சொல்லவில்லை. ஆனால் கொழுந்தின் எடை குறைந்துவிட்டது.

மாலையில் மேனேஜர் ஜீப்பை நிறுத்தி, எல்லார் முன்னாலும் கேட்டார். "எடை எங்கடா?"

"முடியாதவங்கள அனுப்பிட்டேன் சார். ட்ரெய்னிங்ல..."

"ட்ரெய்னிங் வேற, தோட்டம் வேற. நாளைக்கும் எடை வரலைன்னா நீ வேற வேலை பாத்துக்க."

அதற்குள் அவருடைய போன் அடித்தது. கோயமுத்தூர் ஹெட் ஆபீஸ். "சரிங்க சார், நாளைக்குச் சரி பண்ணிடறேன் சார்" என்றபோது அவர் குரல் அடங்கிப்போயிருந்தது.

வெள்ளிக்கிழமை மழை. வேலைக்கு வந்திருந்த தெய்வம்மா மறுபடி அவன் முன்னால் வந்து நின்றாள். "சார், இன்னைக்கும்..."

"தினமும் உனக்கு இதே பொழப்பா? போய்ப் பறி!"

அவள் திரும்பிப் போனாள். கூப்பிட நினைத்தான். கீழே ஜீப் சத்தம் கேட்டது, கூப்பிடவில்லை. கொஞ்ச நேரத்தில் அவள் சரிவில் மயங்கி விழுந்தாள். மணிக்கட்டு முறிந்துவிட்டது. பெண்கள் அவளைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு இறங்கினார்கள். அவளுடைய கூடையை எடுக்கக் குனிந்த பெனிஸின் கையிலிருந்து, அவளோடு பறிக்கும் மெட்டில்டா அதைப் பிடுங்கிக்கொண்டாள்.

மறுநாளும் மழை. மெட்டில்டா இருமிக்கொண்டே பறித்தாள்.

"காய்ச்சலுங்களா அக்கா?"

"ஒண்ணுமில்லீங்க சார்." நிமிர்ந்து பார்க்காமலே சொல்லிவிட்டு இன்னும் வேகமாகப் பறிக்கத் தொடங்கினாள்.

வீட்டுக்குப் போ என்று சொல்ல அவனுக்குத் துணிவில்லை. பறி என்று சொல்லவும் வாய் வரவில்லை. மழையில் அங்கேயே நின்றுகொண்டிருந்தான்.