ஆவியோடு நிறுத்திய சீசாக்கள்

எனக்கும் என் மச்சானுக்கும் ஒரே தொட்டி. மச்சான் என்றால் வீட்டுக்காரியின் தம்பி. ஆராய்ச்சிக் கூடத்தின் அடித்தளத்தில் சீசா கழுவுகிறோம். கழுவியதை ஆவியில் வேகவைத்து, பிறகு உலர் அடுப்பில் சுட்டு மேலே அனுப்ப வேண்டும்.

மேலே அந்தச் சீசாக்களில்தான் செல்களுக்குத் தீனி கலக்குவார்கள். பிரசவ வார்டிலிருந்து வரும் தொப்புள்கொடியின் ரத்தக்குழாயில், உள்பக்கம் படிந்திருக்கும் செல்கள். ஆராய்ச்சிப் பொண்ணு அதைத் தட்டுகளில் வளர்த்தது. பாதித் தட்டுக்கு வீக்கத்தைக் கிளப்பும் மருந்து விடும், மீதிக்கு ஒன்றும் விடாது. மருந்து பட்ட செல்லின் மேலெல்லாம் கொக்கி முளைக்கும். சாயம் போட்டால் பச்சையாக மின்னும். சும்மா விட்ட தட்டு இருட்டாகக் கிடக்க வேண்டும்.

அந்த மாதம் சும்மா விட்டதும் மின்னியது. பொண்ணு மருந்தைத் தட்டு மாற்றி விட்டுவிட்டது என்று கூடத்துக்குத் தலைவியான மேடம் முடிவு கட்டிவிட்டார். வார முடிவில் பெட்டியைக் கட்டச் சொல்லியாயிற்று.

பொண்ணு கீழே இறங்கி வந்தது. முகம் வெளுத்திருந்தது.

"அண்ணே, சீசா எல்லாம் அடுப்புக்குப் போகுதுல்ல?"

மச்சான் முந்திக்கொண்டான். "போகாம? இங்க என்ன நாங்க தூங்கவா வர்றோம்?"

"ஆவியில கிருமி சாகும் அண்ணே. ஆனா அதோட தோல் கண்ணாடியிலயே ஒட்டிக்கும். நல்லா சுட்டாத்தான் போகும்."

"செத்தது செத்ததுதானே பாப்பா?"

"செல்லுக்கு அது தெரியாதே! தோல் பட்டாலே போதும், கிருமி வந்துடுச்சுன்னு உள்ள செய்தி ஓடும். செல்லு நடுவுல சும்மா கிடக்கிற மரபணுவைப் போய் முடுக்கிவிடும். கொக்கி முளைக்கும். ரத்தத்துல போற வெள்ளையணு அதுல மாட்டி நிக்கும். கிருமி வந்தா அது நல்லதுதான். வராதப்பவே நடந்தா குழாய்தான் புண்ணாகும்."

"எங்கக்கா மாதிரின்னு சொல்லுங்க. செருப்புச் சத்தம் கேட்டாலே சண்டைக்கு நிப்பா" என்றான் மச்சான்.

யாரும் சிரிக்கவில்லை.

மின்விசிறி கெட்டதிலிருந்து அவன் அடுப்பைப் போடுவதில்லை. போட்டால் அந்த அறையில் நிற்க முடியாது. அடுப்பு அவன் பொறுப்பு. வெக்கை இல்லாதது எனக்கும் சௌகரியமாக இருந்தது, கேட்கவில்லை.

பொண்ணு என் பக்கம் திரும்பியது. "நீங்க சொல்லுங்கண்ணே."

மச்சான் என்னைப் பார்க்காமல் குழாயைத் திறந்துவிட்டான்.

"அடுப்பு போடலம்மா. ஆவியோட நிறுத்திட்டோம்" என்றேன். யாரோ பக்கத்தில் நின்று சொன்னது போலிருந்தது.

மேடம் புதிதாகச் சுட்ட சீசாக்களை வைத்துப் பார்க்கச் சொன்னார். சும்மா விட்ட தட்டு இருண்டது. பொண்ணு தங்கியது. மச்சானை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். பொண்ணு வந்து என் கையைப் பிடித்து என்னவோ சொன்னது. கையுறையைக் கழற்றாமலே நின்றிருந்தேன்.

வீட்டில் மச்சான் சுவர் பக்கம் திரும்பிப் படுத்திருந்தான். என் வீட்டுக்காரி சோறு போட்டாள்.

"நீயாய்யா சொன்ன?"

"கேட்டாங்க."

"கேட்டா?"

அவள் தன் தட்டை எடுத்துக்கொண்டு போய்த் தம்பியின் தலைமாட்டில் உட்கார்ந்தாள். இனி அங்கேதான் சாப்பிடுவாள் என்று தோன்றியது.

நான் சோற்றைப் பிசைந்தேன்.