மல்லிகை பஸ் ஏறாத வருஷம்

ஊட்டிக்குப் பக்கத்தில் எங்கள் கேத்தியில் பனி தாங்காத செடிகள் மார்கழி பிறந்ததும் பஸ் ஏறி மேட்டுப்பாளையம் போய்விடும். மாசியில் திரும்பும். கறிவேப்பிலை, வெற்றிலைக் கொடி எல்லாம் தனியாகவே போகும். எங்கள் மல்லிகைக்கு மட்டும் துணை வேண்டும். என் மனைவி பிலோமினா கல்யாணத்தின்போது திண்டுக்கல்லிலிருந்து கொண்டுவந்த செடி அது. அதனால் ஒவ்வொரு குளிருக்கும் அவளும் கூடவே போய்விடுவாள். இதுவரை ஒரு கிறிஸ்துமஸுக்குக்கூட நாங்கள் சேர்ந்து கேக் சாப்பிட்டதில்லை.

இந்த வருஷம் மல்லிகை வாசல் கேட்டைக் கட்டிப் பிடித்துக்கொண்டு வரமாட்டேன் என்றது. கண்டக்டர் இறங்கி வந்து பார்த்தார்.

"அடம் பிடிக்கறதை ஏத்தக் கூடாதும்மா. மத்த செடிங்களும் இறங்கிடும்" என்று விசில் அடித்தார்.

பஸ் போய்விட்டது. பிலோமினா பெட்டியோடு நின்றாள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஆனால் செடி செத்துவிட்டால் அவள் என் முகத்திலேயே விழிக்கமாட்டாள் என்பதும் தெரியும்.

மறுநாள் காலை தோட்டம் முழுக்க உறைபனி. மல்லிகையின் நுனி இலைகள் கறுக்க ஆரம்பித்திருந்தன. பிலோமினா ஸ்டூலை இழுத்துப் போட்டு அதன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எங்க ஊர்ல மே மாசம் பஸ் ஸ்டாண்டுல செருப்பு தார்ல ஒட்டிக்கும். வெறுங்காலோடதான் வீட்டுக்கு ஓடுவோம்" என்றாள்.

மல்லிகைக்கு வியர்த்தது. அதைச் சுற்றியிருந்த பனி உருகி ஓடியது.

அன்றிலிருந்து தினமும் வெயில் கதைதான். பக்கத்து வீட்டு பெள்ளி ஈரத் துணிகளைக் கொண்டுவந்து அவள் எதிரே காயப்போட்டார். தெருப் பெண்கள் பாய் விரித்து வடாம் பிழிந்தார்கள்.

"அக்கா, அந்தக் கத்திரி வெயிலை இன்னொரு தடவை சொல்லுங்க, ஜவ்வரிசி இன்னும் காயல" என்பார்கள். சொல்வாள். எல்லோரும் ஸ்வெட்டரைக் கழற்றிவிட்டுச் சிரிப்பார்கள்.

தை நடுவில் அவளிடம் கதை தீர்ந்துபோனது. அன்று பார்த்துக் குழாய்த் தண்ணீரே உறைந்துவிட்டது. மல்லிகை நடுங்கியது.

"என்னங்க, நீங்களாவது ஏதாவது சொல்லுங்களேன்" என்று ஸ்டூலை என் பக்கம் தள்ளினாள்.

நான் கேத்தியிலேயே பிறந்து வளர்ந்தவன். எனக்குத் தெரிந்த வெயில் ஒன்றே ஒன்றுதான்.

"இவளைப் பொண்ணு பார்க்கப் போனப்ப கரண்ட் இல்ல" என்று மல்லிகையிடம் சொன்னேன். "நான் வேற கோட்டு போட்டிருந்தேன். சொம்பு சொம்பா தண்ணி குடிச்சேன். இவ காபியோட வந்து ஒரே ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தா. அப்ப ஏறின சூடு இன்னும் இறங்கல."

பிலோமினாவின் காது சிவந்தது. மல்லிகையில் மொட்டுகள் பொரிபோல் பொரிந்தன. தெருவில் இருந்த வடாம் அத்தனையும் ஒரே நேரத்தில் காய்ந்து மொறுமொறுத்தது. பெள்ளி சால்வையை வீசிவிட்டு ஆட ஆரம்பித்தார். நாங்களும் ஆடினோம். மல்லிகை கேட்டை விட்டுவிட்டு நடுவில் வந்து ஆடியது.

மாசியில் மற்ற செடிகள் வந்து இறங்கின. மல்லிகையை ஒரு பார்வை பார்த்துவிட்டு அதது தன் தொட்டிக்குப் போனது.

அன்று பூத்த பூவைத் தலையில் வைத்த நாளிலிருந்து, அதன் சூட்டுக்குப் பயந்து, பிலோமினாவுக்கு மட்டும் மழை கீழேயிருந்து மேலே பெய்கிறது. கடைக்குப் போகும்போது இரண்டு குடை எடுத்துக்கொள்கிறோம். எனக்குத் தலைக்கு மேலே ஒன்று, அவளுக்குக் காலுக்குக் கீழே ஒன்று.