புதுத் தாழ்ப்பாள்

செல்வக்குமார் குளியலறைக் கதவில் கடைசி ஸ்க்ரூவை முறுக்கிவிட்டுத் தாழ்ப்பாளைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். அவனியாபுரத்தில் வெல்டிங் பட்டறை வைத்திருப்பவர். பாதி ஊருக்கு கேட் மாட்டிய மனுஷன் சொந்த வீட்டில் ஒரு சாண் இரும்பை மாட்ட அரை நாள் எடுத்துக்கொண்டார். அவர் மனைவி முனீஸ்வரி பக்கத்திலேயே நின்று முறைத்துக்கொண்டிருந்தாள். மகள் கேட்டால் எதற்கும் தலையாட்டிவிடுவார், இதெல்லாம் ஒரு அப்பனா என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

மகள் அஸ்வினிக்கு இருபத்து நாலு வயது. பள்ளிக்கூடம் போன காலத்தில் உள்ளே தாழிட்டுக் குளிக்கும்போது வலிப்பு வந்து விழுந்தாள். அப்பா கதவை உடைத்துத் தூக்கி வந்ததோடு சரி, அந்தக் கதவுக்குத் தாழ்ப்பாளே கிடையாது. அவள் குளிக்கும்போதெல்லாம் கதவு சாத்தியும் சாத்தாமலும் இருக்கும், வெளியே முனீஸ்வரி காவல் இருப்பாள். எந்த மாத்திரைக்கும் அடங்காத வலிப்பு. போன வருஷம் மூளைக்குள் இரண்டு மெல்லிய கம்பிகளை இறக்கி, கழுத்துக்கடியில் காரை எலும்புக்குக் கீழே தோலுக்குள் தீப்பெட்டி அளவில் ஒரு கருவியை வைத்துத் தைத்தார்கள். அதிலிருந்து விட்டு விட்டு மூளைக்குக் கொஞ்சம் மின்சாரம் போகிறது. அடியோடு நின்றுவிடும் என்று டாக்டர் சொல்லவில்லை, போகப் போகக் குறையும் என்றார். குறைந்துதான் இருக்கிறது. வாரம் தவறாமல் வந்தது, கடைசியாக வந்தது பொங்கலுக்கு முன்னால், இப்போது சித்திரை பிறந்துவிட்டது. தாழிட்டுக் குளிக்க வேண்டாம் என்று சொன்னதும் அதே டாக்டர்தான். அது மட்டும் அப்பனுக்கும் மகளுக்கும் காதில் விழவில்லை.

அஸ்வினி துண்டோடு வந்தாள், யாரையும் பார்க்காமல் உள்ளே போனாள். தாழ்ப்பாள் விழுந்ததும் முனீஸ்வரி கதவோடு கதவாக ஒட்டிக்கொண்டு நின்றாள்.

"அம்மா, கதவுக்குக் கீழ ஒன் காலு தெரியுது."

"நான் பாட்டுக்கு நிக்கிறேன். நீ பாட்டுக்குக் குளி."

"இம்புட்டு வருசமா நின்னுட்ட. இன்னைக்கு ஒரு நாளு போம்மா."

கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்குப் பதில் பேசியிருப்பாள். மகள் கெஞ்சியதைத்தான் தாங்க முடியவில்லை. முனீஸ்வரி நகர்ந்தாள். நகர்ந்தவள் அடுப்படிக்குப் போகாமல் வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்கச் சந்துக்கு வந்தாள். அங்கேதான் குளியலறையின் சின்ன ஜன்னல் இருக்கிறது, கீழே தண்ணீர் வெளியே வரும் குழாயும் இருக்கிறது. செருப்பில்லாத காலோடு அதன் எதிரில் குத்தவைத்து உட்கார்ந்தாள். தண்ணீர் வந்துகொண்டிருந்தது. அது வந்துகொண்டிருக்கும்வரை மகள் நன்றாக இருக்கிறாள்.

தண்ணீர் நின்றது. சோப்புப் போடுகிறாள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். குழாயில் சொட்டும் நின்றது.

"அம்மா."

வலிப்பு வரப்போவது தெரிந்ததும் அஸ்வினி கூப்பிடுவது இப்படித்தான். ஒரே ஒரு தடவை. அதற்குமேல் அவளுக்கு நாக்கு எழும்பாது, விழுந்துவிடுவாள். முனீஸ்வரி துள்ளி எழுந்தாள். கதவை உடைக்கச் சொல்லி வீட்டுக்காரரைக் கூப்பிட வாயைத் திறந்தாள்.

"அம்மா, போயிட்டியா?"

இரண்டாவது தடவை. அவள் காது இதுவரை கேட்டறியாத இரண்டாவது தடவை. முனீஸ்வரி சுவரைப் பிடித்துக்கொண்டாள். இங்கதான் இருக்கேன் தாயி என்று நாக்கு நுனிவரை வந்தது. சேலைத் தலைப்பைச் சுருட்டி வாயில் அடைத்துக்கொண்டாள்.

உள்ளே வாளி நகர்ந்தது. குழாயிலிருந்து நுரையும் தண்ணீருமாகக் கொட்டி அவள் கால் இரண்டையும் நனைத்துக்கொண்டு ஓடியது. அவள் காலை எடுக்கவில்லை.