ஒரு தடவைதான் கூப்பிடுவார்கள்

"நாளைக்காவது வாயைத் திறந்து கேப்பியா?"

"கேக்கறேன்."

"போன தடவையும் இதையேதான் சொன்ன. அதுக்கு முந்தின தடவையும். ரெண்டு தடவையும் தலைவலி மாத்திரையோட வந்து நின்ன."

"டாக்டர் மூஞ்சியப் பாத்தா வந்த வார்த்தை உள்ளயே போயிடுதுங்க. நான் என்ன பண்ண?"

"எனக்கு மட்டும் தெனமும் மூச்சு விடாம பேசற."

"நீங்க என்ன டாக்டரா?"

முந்தின நாள் மாலை துணி மடித்துக்கொண்டே பேசிய பேச்சு. கணவன் குழாய் வேலை செய்பவன். கசிகிற இடத்தில் துணியைச் சுற்றிவிட்டுப் போகிறவர்களைக் கண்டால் அவனுக்கு ஆகாது. அவளுடைய மறதிகளை 'கவனக்குறைவு' என்று தலைப்பிட்டு ஒரு முழுத்தாளில் தேதியோடு எழுதி, எண் போட்டு, முக்கியமானவற்றுக்கு அடிக்கோடும் இட்டுக் கொடுத்திருந்தான். கருகிய பாத்திரங்கள், பூட்டாத கதவு, பாதியில் நின்ற தையல் வகுப்பு. கடைசி வரியில் சட்டைகள்.

ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் சட்டைக் கழுத்துக்குள் அளவுச் சீட்டு வைத்துத் தைப்பது அவள் வேலை. போன வாரம் நாற்பதாம் அளவுச் சட்டைகள் முடிந்து நாற்பத்திரண்டு வந்தது அவளுக்கு உறைக்கவில்லை. முந்நூறு சட்டைகளில் பழைய சீட்டையே தைத்துத் தள்ளிவிட்டாள். "டியூப்லைட், நீ தைக்கிறியா, தூங்குறியா?" என்று சூப்பர்வைசர் கத்தினார். மேலாளர் கத்தவில்லை. மூன்றாவது மெமோவை நீட்டினார். "உடம்புக்கு ஏதாவதுன்னா டாக்டர்கிட்ட எழுதி வாங்கிட்டு வா. பரிசோதனைக்கு அனுப்பியிருக்காங்கன்னு ஒரு சீட்டு போதும். இல்லேன்னா திங்கக்கிழமை வராத."

இன்று வெள்ளி. அரசு மருத்துவமனையின் வெளிநோயாளிகள் கூடத்தில் ஏழரை மணியிலிருந்து உட்கார்ந்திருந்தாள். டோக்கன் முப்பத்தொன்று. எதிர்ச் சுவரில் புதிதாக ஒட்டிய பளபளப்பான சுவரொட்டி. 'சாவி அடிக்கடி தொலைகிறதா? தொடங்கிய வேலை முடிவதில்லையா? பெரியவர்களுக்கும் ஏ.டி.எச்.டி. என்னும் கவனக்குறைவுக் கோளாறு இருக்கலாம். தயங்காமல் மருத்துவரிடம் கேளுங்கள்.' கீழே பத்துக் கேள்விகள். ஒவ்வொன்றாகப் படித்தாள். ஆறாவது கேள்வியைத் தன் மாமியாரே வந்து எழுதிவிட்டுப் போன மாதிரி இருந்தது. பத்தாவதை முடித்துத் திரும்பியபோது கதவுப் பக்கம் முப்பத்துநான்கு போய்க்கொண்டிருந்தது.

"அண்ணா, முப்பத்தொண்ணு..."

"போயாச்சும்மா. ஒரு தடவைதான் கூப்பிடுவோம்," என்றார் கதவோரம் நின்ற ஊழியர். "கவனம் இல்லாதவங்களுக்காகத் தனியா ஆஸ்பத்திரியா நடத்த முடியும்?"

"கவனம் இல்லேன்னுதாண்ணா வந்திருக்கேன்."

அவர் வரிசையைப் பார்த்துச் சிரித்தார். "கேட்டீங்களா? அப்ப என் வீட்டுக்காரியையும் கூட்டிட்டு வரணும். போம்மா, புது டோக்கன் வாங்கு."

எழுபத்துநான்கு. இந்தத் தடவை அவள் உட்காரவில்லை. சுவரொட்டிக்கு முதுகைக் காட்டி, கதவையே பார்த்தபடி, எண்ணை உதட்டுக்குள் சொல்லிக்கொண்டே மூன்று மணி நேரம் நின்றாள்.

டாக்டர் கணினித் திரையில் இருந்த பழைய பதிவைப் பார்த்தபடி, "தலைவலிதானே?" என்றார். அவள் தாளை நீட்டினாள். கண்ணாடியை இறக்கிவிட்டுப் படித்தார்.

"நீங்க எழுதினதா?"

"வீட்டுக்காரர்."

"தேதி, நம்பர், அடிக்கோடு. இவ்வளவு ஒழுங்கா எழுதிக் கொண்டாந்துட்டுக் கவனக்குறைவுன்னா எப்படி? உங்க வயசு?"

"முப்பத்தெட்டு."

"இது சின்னப் பசங்களுக்கு வர்றதும்மா. நீங்க கல்யாணம் பண்ணிக் குடும்பம் நடத்தறீங்க, வேலைக்கும் போறீங்க. வேலை செய்யப் பிடிக்கலேன்னா இப்ப இதுக்கு ஒரு பேர் வெச்சிடறாங்க. போன்ல வீடியோ ஏதாவது பாத்தீங்களா?"

"இல்ல டாக்டர். வெளிய சுவத்துல ஒட்டியிருக்கு."

"அது மேலிடத்துலேர்ந்து ஒட்டச் சொன்னது." பக்கத்தில் நின்ற பயிற்சி டாக்டர் சிரிப்பை மறைக்கத் தலையைக் குனிந்துகொண்டாள். "சின்ன வயசுலயே இருந்திருக்கணும். ஸ்கூல்ல டீச்சர் எழுதிக் குடுத்தது ஏதாவது வெச்சிருக்கீங்களா?"

"தொலைச்சிட்டேன் டாக்டர்."

"தொலைச்சிட்டீங்க!" என்று டாக்டர் பயிற்சிப் பெண்ணிடம் சொன்னார். இப்போது இருவரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே மேஜைமேல் கையால் துழாவிப் பேனாவைத் தேடினார்.

"சட்டைப் பையில இருக்கு டாக்டர்."

"பாருங்க, நல்லாத்தானே கவனிக்கிறீங்க!"

சத்து மாத்திரை எழுதினார். நன்றாகத் தூங்கச் சொன்னார். செய்ய வேண்டிய வேலைகளைத் தினமும் ஒரு தாளில் குறித்துவைக்கச் சொன்னார். மணியை அடித்தார். எழுபத்தைந்து உள்ளே வந்து, அவள் தோளுக்கு மேல் கையை நீட்டித் தன் சீட்டை மேஜையில், அவள் கணவன் எழுதிய தாளின்மேல் வைத்தார்.

"எழுந்திரும்மா, ஆள் நிக்கறாங்கல்ல," என்றார் ஊழியர் கதவிலிருந்து.

அவள் நாற்காலியின் விளிம்பை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள்.

"மாத்திரை வேணாம் டாக்டர்," என்றாள். குரல் அந்த அறைக்குப் பெரிதாக இருந்தது. "மனநல டாக்டர்கிட்ட என்னை அனுப்புங்க. எனக்கு இது இருக்கா, இல்லையான்னு அவங்க பாத்துச் சொல்லட்டும். பரிசோதனைக்கு அனுப்பறேன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க."